தாராவி சிஸ்டர்களின் வேலைத்தரத்தை டேட்டாவில் பார்ப்பது: எதை அளக்கலாம், எதை விட்டுவிடலாம்?

செம்பூர் டேட்டா தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். மும்பையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் டேட்டா வேலை பார்க்கிறேன். தாராவி, அண்டாப் ஹில் பக்கம் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கவனிக்கிற ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) சிஸ்டர்கள், வீடு வீடாகப் போகிற ஆரோக்கிய சேவிகாக்கள், இவர்களின் வேலைத்தரத்தை மாதாமாதம் பார்க்க ஒரு டேஷ்போர்டு (எண்களை ஒரே திரையில் காட்டும் பக்கம்) வேண்டும் என்று எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். வரைவு போட்டிருக்கிறேன். ஒரு சிஸ்டர் மாதம் எத்தனை வீட்டுக்குப் போனார், எத்தனை கர்ப்பிணிகளை 12 வாரத்துக்குள் பதிந்தார், எத்தனை பேருக்கு 4 பரிசோதனை முடிந்தது, எத்தனை பேருக்கு 180 இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், எல்லாம் சேர்த்து ஒரு மதிப்பெண், அதற்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு. இந்தக் குழுவில் நர்ஸ் வேலையில் இருப்பவர்களும், அந்த ஏரியாவில் குடியிருப்பவர்களும் நிறைய இருக்கிறீர்கள். கட்டி முடித்துவிட்டால் மாற்றுவது கஷ்டம். இதில் எது உதவும், எது உதவாது?

சயான் சிஸ்டர்:

தம்பி, கேட்டதே பெரிய விஷயம். பெரும்பாலும் எங்களிடம் கேட்காமல்தான் இதெல்லாம் வரும்.

முதலில் அந்த மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். மதிப்பெண் வந்தால் அடுத்த மாதமே எண்ணிக்கை சரியாகிவிடும், வேலை இருந்த இடத்திலேயே இருக்கும். மாத்திரை "கொடுத்தார்" என்று போட்டிருக்கிறீர்கள். 180 மாத்திரை கொடுத்தது பதிவேட்டில் இருக்கும். அவள் பத்து நாள் சாப்பிட்டு, வயிற்றைப் பிரட்டுகிறது என்று டப்பாவை மேலே தூக்கி வைத்தது எங்கே இருக்கும்? கேட்டால் சொல்லுவாள். கேட்பதற்கு அந்த வீட்டில் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்த சிஸ்டர் அன்றைக்கு இரண்டு வீடு குறைவாகத்தான் பார்த்திருப்பார், உங்கள் கணக்கில் அவர்தான் மஞ்சள்.

இன்னொன்று சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஹீமோகுளோபின் பார்க்க சாலி முறைதான். விரலில் குத்தி 20 மைக்ரோலிட்டர் ரத்தம் உறிஞ்சி, குழாயில் இருக்கிற அமிலத்தில் விட்டு, பத்து நிமிடம் வைத்து, பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணால் பார்க்க வேண்டும். வாசலில் வரிசை நிற்கும்போது பத்து நிமிடம் யார் வைப்பார்கள்? பதிவேட்டைத் திறந்தால் 11, 11.2, 11, 11, 11.4 என்று ஒரே மாதிரி இறங்கும். 11-க்குக் கீழே வந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், போனாளா, ரத்தம் ஏற்றினார்களா என்று தனியாக எழுத வேண்டும். 11 என்று எழுதிவிட்டால் அங்கேயே முடிந்தது.

அப்புறம் டிஜிட்டல் மீட்டர் வந்தது. முதல் மாதமே 9.1, 8.3, 6.8 என்று வர ஆரம்பித்தது. மேலே இருந்து போன்: "உங்கள் ஏரியாவில் ரத்தசோகை திடீரென்று ஏறியிருக்கிறது, விளக்கம் எழுதிக் கொடுங்கள்." ஏறவில்லை, இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பக்கத்து ஏரியாவில் மீட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பழைய முறைக்கே போய்விட்டார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது, அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் 50.4. இரண்டில் ஒருவருக்கு இருக்கிற நோய் ஒரு ஏரியாவில் மட்டும் இல்லவே இல்லை என்றால் விளக்கம் கேட்க வேண்டியது அந்த ஏரியாவிடம்தான். உங்கள் டேஷ்போர்டு அதற்குப் பச்சை காட்டும். அதுதான் என் பயம்.

செம்பூர் டேட்டா தம்பி:

அக்கா, இது எனக்கு ரொம்ப உபயோகம். நீங்கள் சொன்ன 11, 11, 11 விஷயத்தை டேட்டாவிலேயே பிடிக்கலாம். ஒரு பதிவேட்டில் ஒரே எண் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறதா, ரத்த அழுத்தம் எல்லோருக்கும் 110/70, 120/80 என்றே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். உண்மையாக அளந்த எண்கள் கொஞ்சம் சிதறித்தான் இருக்கும். இதை சிஸ்டருக்கு எதிரான புகாராக வைக்காமல், அந்த இடத்தில் கருவி இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா, ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டதா என்று போய்ப் பார்ப்பதற்கான அடையாளமாக வைக்கலாம். மீட்டர் மாற்றிய தேதியையும் வரைபடத்தில் ஒரு கோடாகப் போட்டுவிட்டால், ஏற்றம் ஏன் என்று பார்த்தவுடனே தெரியும்.

நெல்லை மருமகள்:

நான் நர்ஸ் இல்லை, 90 அடி ரோடு பக்கம் குடியிருக்கிறேன், இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. முதல் பிள்ளைக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு தாதர்-திருநெல்வேலி வண்டியில் ஊருக்குப் போய்விட்டேன், தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே. கையில் இங்கே கொடுத்த அட்டை இருந்தது. எல்லாம் மராத்தியில். ஊரில் சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும்மா, நாம புதுசா போட்டுக்கலாம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். இங்கே ஆறாம் மாதத்தில் எனக்கு பிரஷர் கொஞ்சம் கூடியிருக்கிறது, கவனமாக இரு என்று சொல்லியிருந்தார்கள். அது அந்த அட்டையில்தான் எங்கேயோ இருந்தது. நானே வாயால் சொன்னதால் ஊரில் அடிக்கடி பார்த்தார்கள். சொல்லாமல் விட்டிருந்தால்?

திரும்பி வந்தபோது பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. இங்கே என் பெயருக்கு எதிரே மாதாமாதம் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதியிருந்தது. வீட்டில் என் மாமியார் இருந்தார்!

விக்ரோளி குவாலிட்டி:

சயான் சிஸ்டர் சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடிகிறது. மேலே அந்தப் பெண் எழுதியிருப்பதைப் பாருங்கள். மாமியார் வீட்டிலேயே இருக்கிறார், பதிவேட்டில் வீடு பூட்டியிருக்கிறது. என் தங்கை கோவண்டியில் இருக்கிறாள், அவள் பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு யாருமே வரவில்லை, அட்டையில் வந்ததாகத் தேதி போட்டிருக்கிறது. மதிப்பெண் வேண்டாம், சரி. ஆனால் யாரும் எதையும் சரிபார்க்காமல் விட்டால் ஏமாறுவது ஏழைப் பெண்கள்தான்.

நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவன். ஒரு லாட்டில், அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரித்ததில், இருக்கிற எல்லாச் சாமானையும் சோதிக்க முடியாது, சிலதை எடுத்துப் பார்த்து லாட் தேறுமா தேறாதா என்று முடிவு செய்வோம். அதே முறையைப் பொது சுகாதாரத்திலும் எடுத்துக்கொண்டு பல நாடுகளில் செய்கிறார்கள். ஒரு மேற்பார்வைப் பகுதியில் குலுக்கல் முறையில் 19 வீடு. 19 தாய்மாரிடம் போய் நேராகக் கேட்பது. இலக்கு 80 சதவீதம் என்றால், 19 வீடு சின்ன மாதிரி என்பதால் கொஞ்சம் தளர்வு விட்டு, 19-ல் குறைந்தது 13 பேராவது "ஆமாம், வந்தார்கள், இதைச் சொன்னார்கள்" என்று சொல்ல வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்தப் பகுதிக்கு உதவி தேவை. இதற்கு டேஷ்போர்டுகூட வேண்டாம், ஒரு தாள் போதும்.

சயான் சிஸ்டர்:

விக்ரோளி அண்ணே, உங்கள் தங்கைக்கு நடந்தது தப்புதான், அதற்குச் சாக்கு சொல்ல மாட்டேன். 19 வீட்டு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு நிபந்தனை. கேட்கப் போகிறவர் எனக்கு மேலதிகாரியாக இருக்கக் கூடாது, அவர் வந்தால் அந்தப் பெண்கள் எனக்காக எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் சொல்லுவார்கள். பக்கத்துப் பகுதி சிஸ்டர் வரட்டும், அவர் பகுதிக்கு நான் போகிறேன். அப்புறம், கேள்வி "சிஸ்டர் வந்தாரா" என்று இருக்க வேண்டாம். "எந்த அறிகுறி தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?" என்று கேளுங்கள். தலைவலி, கண் இருட்டுவது, கைகால் வீக்கம், ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறைவது, இதில் இரண்டு மூன்றையாவது அவளே சொன்னால் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து பேசியிருக்கிறார் என்று அர்த்தம்.

வீடு பூட்டியிருந்தது என்று ஏன் எழுதுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டத்தில் எழுத வேறு வாய்ப்பே கிடையாது. பார்த்தேன், மறுத்தார், வீடு பூட்டியிருந்தது, முகவரி தவறு. "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று எழுத இடமே இல்லை. தாராவியில் தமிழ்க் குடும்பம், உ.பி. குடும்பம், பீகார் குடும்பம், யார் வீட்டில் பார்த்தாலும் தலைப்பிரசவத்துக்குப் பெண் ஊருக்குப் போவாள் என்பது ஊரறிந்த விஷயம். படிவம் போட்டவருக்கு மட்டும் தெரியவில்லை.

முலுண்ட் ஓய்வு செவிலியர்:

நான் தென்காசிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். நெல்லை மருமகளுக்குப் புது அட்டை போட்டாரே, அந்த நர்ஸ் இடத்தில்தான் நானும் இருந்தேன், அதனால் அந்தப் பக்கத்து நிலவரத்தைச் சொல்கிறேன்.

மும்பையிலிருந்து ஒரு பெண் ஏழாம் மாதம் வந்து நின்றால் எங்களுக்கு முதல் வேலை பிக்மியில், அதாவது தமிழ்நாட்டின் கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில், ஏற்றுவது. அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கஷ்டம், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியும் அதை வைத்துத்தான். அதனால் பெயர், கணவர் பெயர், வங்கிக் கணக்கு எல்லாம் அன்றைக்கே ஏறிவிடும். இதற்கு முன்னால் என்ன மருந்து, பிரஷர் எவ்வளவு, ரத்தம் எவ்வளவு என்பது மட்டும் வராது. எங்கள் கணக்கில் அவள் "தாமதமாகப் பதிவு செய்த கர்ப்பிணி", ஏனென்று அதற்கும் எங்களைக் கேட்பார்கள். உங்கள் கணக்கில் "தொடர்ச்சி விட்டவள்". உண்மையில் அவள் ஒரு பரிசோதனையைக்கூட விட்டிருக்க மாட்டாள். ஒரே பெண்ணால் இரண்டு மாநிலத்தில் இரண்டு நர்ஸ்களுக்குக் கெட்ட பெயர்.

நான் அந்தக் காலத்தில் என்ன செய்வேன் என்றால், அந்தப் பெண்ணின் போனிலேயே மும்பை சிஸ்டரைக் கூப்பிட்டுப் பேசிவிடுவேன். எனக்கு மராத்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் பிரஷர் எண்ணும் ஹீமோகுளோபின் எண்ணும் இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இதை எந்தப் பதிவேட்டிலும் எழுதியதில்லை, எழுத இடமும் இல்லை.

செம்பூர் டேட்டா தம்பி:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வரைவையே மாற்றிக்கொண்டிருக்கிறேன். டேட்டா தெரியாதவர்களுக்காக ஏன் என்று சொல்கிறேன்.

2008-ல் வந்த ஹெச்.எம்.ஐ.எஸ். என்ற அரசு சுகாதாரத் தகவல் தளம் ஒவ்வொரு நிலையத்தின் மாத மொத்தத்தை வாங்கும். இந்த மாதம் இத்தனை பேர் பதிவு, இத்தனை பேருக்கு 4 பரிசோதனை முடிந்தது. இதில் முதல் எண்ணும் இரண்டாவது எண்ணும் ஒரே பெண்கள் கிடையாது. போன மாதங்களில் பதிந்தவர்கள், வேறு ஊரிலிருந்து வந்தவர்கள், எல்லோரும் கலந்திருப்பார்கள். இரண்டையும் வகுத்து வரும் சதவீதத்துக்கு தாராவி மாதிரி ஜனங்கள் போவதும் வருவதுமாக இருக்கும் இடத்தில் அர்த்தமே இல்லை, சில மாதம் நூறையும் தாண்டும். 2009-ல் பெயர்வாரியாகத் தாயையும் குழந்தையையும் தொடரும் எம்.சி.டி.எஸ். வந்தது, இப்போதைய ஆர்.சி.ஹெச். போர்ட்டல் அதன் வாரிசு. அங்கே பெயர் இருக்கிறது, ஆனால் மேலே போகிற அறிக்கையில் மறுபடியும் மொத்தமாகிவிடுகிறது.

அதனால் மாதத்தை விட்டுவிட்டு, பிரசவத் தேதியை வைத்துக் கட்டுகிறேன். இந்த மாதம் பிரசவத் தேதி வருகிற பெண்கள் யார் யார், ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள்: இங்கே பிரசவம், ஊருக்குப் போய்ப் பிரசவம், தகவல் இல்லை. ஊருக்குப் போனது ஒரு குறையாக எண்ணப்படாது. அவர் போவதற்கு முன் விவரம் கையில் கொடுக்கப்பட்டதா, ஊரிலிருந்து ஒரு தகவலாவது வந்ததா, இதுதான் எண்ணப்படும். "தகவல் இல்லை" பட்டியல் சிஸ்டரின் போனில் பெயரோடு வரும், அதிகாரிக்கு எண்ணிக்கை மட்டும்.

ஒரு சிஸ்டரிடம் மாதம் பதினைந்து பிரசவம் என்றால் ஒரே ஒருத்தி மாறினாலே சதவீதம் ஏழு புள்ளி ஆடிவிடும். அதை வைத்து இந்த மாதம் பச்சை, அடுத்த மாதம் சிவப்பு என்று காட்டுவது அநியாயம். விக்ரோளி அண்ணனுக்கு இது தெரிந்திருக்கும்.

விக்ரோளி குவாலிட்டி:

தெரியும். நடுக்கோடு ஒன்று போட்டு, தொடர்ந்து ஆறு மாதமாவது புள்ளிகள் ஒரே பக்கம் நின்றால்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ஒரு மாதம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் யாரையும் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. இதை டேஷ்போர்டு பார்க்கிற அதிகாரிகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

கோலிவாடா நர்சிங் டீச்சர்:

சிஸ்டர் முதலில் சொன்ன அந்த மாத்திரை டப்பா விஷயத்தை யாரும் எடுக்கவில்லையே. வீட்டுக்குப் போனது, மாத்திரை கொடுத்தது எல்லாம் செய்த வேலை. அதனால் அவளுக்கு என்ன ஆனது என்பதைப் பதிய ஒரு வழி வேண்டும்.

அமெரிக்காவில் ஒமஹா என்ற ஊரில் வீடு வீடாகப் போகும் நர்ஸ்கள் 1970களில் தொடங்கி உருவாக்கிய ஒரு பதிவு முறை இருக்கிறது, ஒமஹா முறை என்றே பெயர். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 42 வகைப் பிரச்சினைகள், உடல்நோய் மட்டும் இல்லாமல் வீடு, வருமானம், குடும்பத்துக்குள் வன்முறை வரைக்கும். எனக்கு அதில் பிடித்தது, ஒவ்வொரு பிரச்சினைக்கும் மூன்று எண் போடுவார்கள்: அவளுக்கு விஷயம் தெரியுமா, அதன்படி செய்கிறாளா, நிலைமை எப்படி. ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. முதல் சந்திப்பில் ஒரு முறை, கொஞ்ச நாள் கழித்து ஒரு முறை.

நம் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து எதற்கென்று அவளுக்கு நன்றாகத் தெரியும், 4. சாப்பிடுவதில்லை, 2. ஹீமோகுளோபின் 8, நிலைமை 2. இதைப் பார்த்த உடனே இவளுக்கு மறுபடியும் ரத்தசோகை பற்றிப் பாடம் எடுப்பது வீண் என்று தெரிகிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடு, டீயோடு போடாதே, மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே, இதுதான் சொல்ல வேண்டியது. அடுத்த மாதம் செய்கை 4 ஆகியிருந்தால் அந்த சிஸ்டரின் வேலைத்தரம் அதில் தெரியும். என் மாணவிகளை இரண்டிரண்டு பேராக ஒரே வீட்டுக்கு அனுப்பி, ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் எண் போடச் சொல்வேன். எண் வேறுபடும்போது நடக்கிற வாக்குவாதத்தில்தான் அவர்கள் அதிகம் கற்கிறார்கள்.

42-ம் வேண்டாம் தம்பி. ரத்தசோகை, ரத்த அழுத்தம், தாய்ப்பால், குடும்பக் கட்டுப்பாடு, மனச்சோர்வு, இவ்வளவோடு ஆரம்பியுங்கள்.

மாஹிம் வக்கீல்:

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப் குழுவில் பதிவேட்டுப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன், பெயர், போன் எண், என்ன பிரச்சினை எல்லாமே தெரிகிற மாதிரி. ஹெச்.ஐ.வி. நிலையை வெளியிடுவது 2017 சட்டப்படி குற்றம். கருக்கலைப்பு செய்துகொண்டவரின் பெயரைக் காக்க வேண்டும் என்று 2021 திருத்தத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. 2023-ல் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. தாராவியில் வீடு என்பது பெரும்பாலும் ஒரே அறை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சிஸ்டர் டேப்லெட்டைப் பார்த்து உரக்கக் கேட்டால் அந்தப் பெண் எந்த உண்மையையும் சொல்ல மாட்டாள், சொன்னால் வீட்டில் பிரச்சினை. சில கேள்விகளை வீட்டில் கேட்கவே கூடாது, நிலையத்துக்கு வரும்போது தனியாகக் கேளுங்கள் என்று செயலியே தடுத்து வைக்க வேண்டும். பதிந்திருக்கும் எண் பாதி நேரம் கணவருடையது, அதனால் நினைவூட்டும் மெசேஜில் என்ன எழுதுகிறீர்கள் என்பதையும் பாருங்கள்.

சயான் சிஸ்டர்:

வக்கீல் சார் சொன்னது நூற்றுக்கு நூறு. டீச்சர் சொன்ன மூன்று எண்ணும் எனக்கு வேண்டும், அதை நான் எனக்காகவே எழுதுவேன்.

ஆனால் தம்பி, ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எங்களிடம் ஏற்கனவே காகிதப் பதிவேடுகள், ஆர்.சி.ஹெச்., தடுப்பூசிக்கு யூ-வின், காசநோய்க்கு நிக்ஷய், சர்க்கரை-பிரஷருக்குத் தனிச் செயலி, மாதக் கடைசியில் ஹெச்.எம்.ஐ.எஸ். ஒரே பெண்ணின் பெயரை எத்தனை இடத்தில் எழுதுவது? மதியம் வரைக்கும் ஏரியா, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் டேட்டா ஏற்றுவது. உங்களுடையது கூடுதலாக இன்னொன்று என்றால் அதிலும் 11, 11, 11 என்றுதான் வரும். எதையாவது ஒன்றை எடுத்துவிட்டு இதைக் கொடுங்கள், இல்லை என்றால் நாங்கள் ஏற்கனவே ஏற்றியதிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

செம்பூர் டேட்டா தம்பி:

நியாயம் அக்கா. பெயர், பிரசவத் தேதி, பரிசோதனை எண்கள் எல்லாம் ஆர்.சி.ஹெச்.-லிருந்து எடுக்க அனுமதி கேட்கிறேன். அது கிடைக்காமல் செயலியை வெளியே விட மாட்டோம், இதை எங்கள் இயக்குநரிடமும் சொல்லிவிட்டேன். சிஸ்டர் புதிதாகத் தொட வேண்டியது இரண்டே இடம்: டீச்சர் சொன்ன மூன்று எண், அப்புறம் ஊருக்குப் போகும் தேதியும் ஊரில் இருக்கும் போன் எண்ணும். ஊருக்குப் போகிறார் என்று குறித்தவுடன் தமிழ், இந்தி, மராத்தி எது வேண்டுமோ அதில் ஒரு பக்கச் சுருக்கம் அச்சாகும். முலுண்ட் அம்மா, அந்தத் தமிழ்ப் பக்கத்தை நீங்கள் பார்த்துத் தர முடியுமா? ஊரில் இருக்கும் நர்ஸ் முதலில் எதைத் தேடுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முலுண்ட் ஓய்வு செவிலியர்:

தாராளமாக. அனுப்புங்கள் தம்பி. ரத்த வகையும் பிரஷரும் மேலே வர வேண்டும், முகவரியெல்லாம் கீழே போகட்டும்.

நெல்லை மருமகள்:

இதெல்லாம் வருவதற்கு இன்னும் நாளாகும் போலிருக்கிறது. என் நாத்தனாருக்கு இப்போது ஆறாம் மாதம், அடுத்த மாதம் ஊருக்கு அனுப்புகிறோம். கையில் என்ன கொடுத்துவிட வேண்டும் சிஸ்டர்?

சயான் சிஸ்டர்:

அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து அவளிடமும் உன்னிடமும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை, கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின், சர்க்கரை, பிரஷர், என்னென்ன ஊசி எந்தத் தேதியில் போட்டது, இதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதி வாங்கிக்கொள். உங்கள் சிஸ்டர் எழுதித் தரவில்லை என்றால் அட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம் வா, எந்த ஹெல்த் போஸ்ட் (மாநகராட்சியின் சின்னச் சுகாதார நிலையம்) என்று தனிச் செய்தியில் சொல்கிறேன். ரயிலில் போகும் வரைக்கும் தேவையான மாத்திரைகளோடு இன்னும் ஒரு மாதத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், ஊரில் பதிந்து மாத்திரை கைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும். போய் இறங்கிய வாரத்திலேயே ஊர் நர்ஸைப் பார்க்கச் சொல், பார்த்ததும் அவர் எண்ணை எனக்கு அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.